நல்ல ஆலோசகரும் ஒழுங்கான அலுவலகமும்

மத்திய அரசு ஊழியர்கள் ஓய்வு பெறுவது மாதத்தின் கடைசி நாளில். அந்த நாளின் மாலையில் தலைநகர் தில்லியின் அரசு அலுவலகங்கள் பலவற்றில் பிரிவுபசார விழா நடைபெறுகிறது. சால்வையும் பூங்கொத்தும் பெற்று வீடு திரும்புபவரின் வங்கிக் கணக்கில், அடுத்த சில வாரங்களுக்குள், அவர் தம் வாழ்நாளில் ஒருசேரக் கண்டிராத ஒரு தொகை வந்து சேர்கிறது. பணிக்கொடைக்கு இன்றுள்ள உச்சவரம்பு 25 லட்சம் ரூபாய். எடுக்காத விடுப்புக்கு 300 நாள் வரை ஊதியம் கிடைக்கிறது. ஓய்வூதியத்தில் 40 விழுக்காடு வரை ஒப்படைத்து, அதற்கு ஈடாகக் ‘கம்யூட்டேஷன்’ தொகையை முன்கூட்டியே பெறலாம். பழைய ஓய்வூதிய முறையில் உள்ளவர்க்கு வருங்கால வைப்பு நிதியும் உண்டு.

முப்பத்தைந்து ஆண்டுகள் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர் ஒரே மாதத்தில் பெருந்தொகைக்குப் பொறுப்பாளராகிறார். அவரைத் தேடி அறிவுரைகளும் அந்த மாதத்திலேயே வரத் தொடங்குகின்றன. உறவினரின் நண்பர் வருகிறார், முகவர் வருகிறார், முன்பின் அறியாத எண்களிலிருந்து அழைப்புகள் வருகின்றன. ஒருமுறை செலுத்தும் வைப்பு என்று எண்ணி 5 லட்சம் ரூபாய்க்குக் கையொப்பமிட்டவர், அது ஆண்டுதோறும் 10 ஆண்டுகள் பிரீமியம் கட்ட வேண்டிய காப்பீடு என்பதை இரண்டாம் ஆண்டில்தான் அறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏற்றுக்கொண்ட மொத்தப் பொறுப்பு 50 லட்சம் ரூபாய். அதைத் தொடர அவரிடம் வருவாய் இல்லை, நிறுத்தினால் இழப்பு. இளமையில் நேரும் பிழையைச் சம்பாதித்துச் சரிசெய்யலாம். அறுபதில் நேரும் பிழைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே நல்ல ஆலோசகரை எவ்வாறு இனம் காண்பது என்னும் வினா முக்கியமாகிறது. சந்தை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று முன்னறிந்து சொல்பவரே சிறந்த ஆலோசகர் எனப் பலர் கருதுகின்றனர். அவ்வாறு தொடர்ந்து சொல்ல வல்லவர் எவருமிலர். ஆலோசகரின் தரத்தை அவருடைய அலுவலக ஒழுங்கில்தான் காண இயலும். அவர் என்ன கேட்கிறார், எதை எழுதி வைக்கிறார், யாரிடமிருந்து ஊதியம் பெறுகிறார், எத்தனை குடும்பங்களுக்குப் பொறுப்பேற்கிறார் என்பவையே அதற்குரிய அளவுகோல்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆலோசனை வேறு, விற்பனை வேறு

நம் நாட்டில் நிதி ஆலோசனையும் நிதித் திட்ட விற்பனையும் நெடுங்காலம் ஒன்றாகவே கலந்திருந்தன. பரஸ்பர நிதியில் முதலீடு செய்பவரின் பணத்திலிருந்து நுழைவுக் கட்டணம் பிடித்தம் செய்யப்பட்டு, அதிலிருந்து முகவருக்குத் தரகு வழங்கப்பட்டது. இந்த நுழைவுக் கட்டணத்தை இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி 2009 ஆகஸ்ட் 1 முதல் நீக்கியது. அதே ஆண்டில், தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்த டி. ஸ்வரூப் தலைமையிலான குழு, நிதி ஆலோசகர்களுக்குப் பொதுவான குறைந்தபட்சத் தகுதியும் நடத்தை நெறியும் வேண்டும் என்றது. முதலீட்டாளர் திட்டங்களில் தரகு முறையே படிப்படியாக ஒழிய வேண்டும் என்பதும் அக்குழுவின் கருத்து.

2013 ஜனவரி 1 முதல் பரஸ்பர நிதிகளில் ‘நேரடித் திட்டம்’ என்னும் பிரிவு தோன்றியது. இதில் இடையில் முகவர் இல்லை; அவருக்குரிய தரகும் இல்லை. அதே ஆண்டில் முதலீட்டு ஆலோசகர்களுக்கான செபியின் விதிமுறைகளும் நடைமுறைக்கு வந்தன. 2015இல், முன்னாள் நிதித்துறைச் செயலர் சுமித் போஸ் தலைமையில் மத்திய நிதி அமைச்சகம் அமைத்த குழு, தவறான விற்பனைக்குத் தரகு அமைப்பே தூண்டுதலாவதைச் சுட்டிக்காட்டியது. 2020இல் செபி மேலும் ஒரு கோட்டை வரைந்தது: ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனைக் கட்டணமும் விற்பனைத் தரகும் ஒருவரே பெறலாகாது. அவர் ஒன்று ஆலோசகர், அல்லது விற்பனையாளர். இரண்டுமாக இருக்க இயலாது.

விற்பனையாளர் தீயவர் என்பது இதன் பொருளன்று. முகவரும் விநியோகஸ்தரும் நேர்மையாகப் பணியாற்றலாம். பலர் அவ்வாறே பணியாற்றுகின்றனர். நம் வங்கிக் கிளைகளிலும் காப்பீடும் பரஸ்பர நிதியும் முகவர் என்ற நிலையிலேயே வழங்கப்படுகின்றன; அதற்குத் தரகும் உண்டு. எதிரே அமர்ந்திருப்பவர் எந்த நிலையில் பேசுகிறார் என்பதை வாடிக்கையாளர் அறிந்திருக்க வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. “இதில் தங்களுக்குத் தரகு உண்டா? எவ்வளவு?” என்று எங்கள் கிளையிலும் தாராளமாகக் கேட்கலாம். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று, வாடிக்கையாளரின் உரிமை. கடன் பெறுவதற்கோ பாதுகாப்புப் பெட்டகம் பெறுவதற்கோ காப்பீடு வாங்க வேண்டும் என்று எவரும் நிபந்தனை விதிக்க இயலாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கட்டணக் கணக்கு

கட்டணம் செலுத்தி ஆலோசனை பெறுவதா, தரகு வழியாகப் பெறுவதா என்பது விருப்பு வெறுப்பால் முடிவு செய்ய வேண்டியதன்று. கணக்கால் முடிவு செய்ய வேண்டியது. 25 லட்சம் ரூபாய் பரஸ்பர நிதியில் 15 ஆண்டுகள் இருப்பதாகக் கொள்வோம். நேரடித் திட்டத்தில் ஆண்டுக்கு 10 விழுக்காடும், தரகுள்ள திட்டத்தில் 9.2 விழுக்காடும் வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்கிற்காகக் கொண்ட எண்களேயன்றி உறுதிமொழி அல்ல. 15 ஆண்டு முடிவில் முன்னது ஏறத்தாழ 104.4 லட்சமாகவும் பின்னது ஏறத்தாழ 93.6 லட்சமாகவும் இருக்கும். வேறுபாடு 10.8 லட்சம்.

முதலாண்டில் அந்த 0.8 விழுக்காடு என்பது வெறும் 20,000 ரூபாய். முதலீடு வளர வளர அதுவும் வளர்ந்து, 15ஆம் ஆண்டில் 68,000 ரூபாயைக் கடந்துவிடும். இதற்கு மாறாக, வரி உட்பட ஆண்டுக்கு 20,000 ரூபாய் நிலையான கட்டணம் பெறும் ஆலோசகரை அமர்த்தினால் என்ன ஆகும்? அந்தக் கட்டணத்தை ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் அதே 10 விழுக்காட்டில் முதலிட்டிருந்தால் ஏறத்தாழ 7 லட்சம் ஆகியிருக்கும். அதைக் கழித்த பின்னும் ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய் வாடிக்கையாளருக்கு மிஞ்சுகிறது.

முதலீடு 3 லட்சம் மட்டுமே என்றால் கணக்கு தலைகீழாகிறது. முதலாண்டுத் தரகு 2,400 ரூபாய், கட்டணமோ 20,000. சிறு முதலீட்டாளருக்கு நேர்மையான முகவரே சிக்கனம். இதை வாய்விட்டுச் சொல்லி, “தங்களுக்கு என் சேவை இப்போது தேவையில்லை” என்று திருப்பி அனுப்பும் ஆலோசகரை நம்பலாம்.

கட்டணத்திற்கும் வரம்பு உண்டு. தற்போதைய விதிப்படி, தனிநபர் வாடிக்கையாளரிடம் நிலையான கட்டணமாகப் பெறுவது ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 1,51,000 ரூபாயைக் கடக்கக் கூடாது. சொத்து மதிப்பின் அடிப்படையில் பெறுவதாயின் ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டைக் கடக்கக் கூடாது. இவை உச்சவரம்புகளே; இவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. கட்டணம் ரொக்கமாகப் பெறப்படலாகாது. வங்கி வழியாகவே செலுத்தப்பட வேண்டும்.

ஒழுங்கான அலுவலகம் எப்படி இயங்கும்?

நல்ல ஆலோசகரின் முதல் சந்திப்பில் எந்தத் திட்டத்தின் பெயரும் இடம்பெறாது. குடும்பத்தில் யார் யார், வருவாய் என்ன, கடன் என்ன, மருத்துவத் தேவை என்ன, பணம் எப்போது எதற்கு வேண்டும், இழப்பை எந்த அளவு தாங்க இயலும் என்பன போன்ற வினாக்களே இருக்கும். இழப்பைத் தாங்கும் திறனை மதிப்பிட்டு எழுத்தில் பதிவு செய்வது விதிப்படி கட்டாயம். அடுத்தது ஒப்பந்தம். சேவை எது, கட்டணம் எவ்வளவு, எப்படி விலகுவது ஆகியவை அதில் இருக்கும். ஒப்பந்தம் கையொப்பமான பின்னரே கட்டணமும் ஆலோசனையும்.

மூன்றாவது, காரணங்களுடன் கூடிய எழுத்துப்பூர்வ ஆலோசனை. ‘இதில் இவ்வளவு முதலிடுக’ என்பது மட்டும் ஆலோசனையாகாது. இந்தக் குடும்பத்துக்கு இது ஏன் பொருந்துகிறது என்னும் விளக்கமும் வேண்டும். இப்பதிவுகளை ஐந்து ஆண்டுகள் காக்க வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கையும் உண்டு. இவை வெறும் சட்டச் சடங்குகள் எனத் தோன்றலாம். ஆயினும் மூன்று ஆண்டுகள் கழித்துச் சந்தை சரியும்போது, அன்று எதற்காக இந்த முடிவெடுத்தோம் என்பதைக் கோப்பு மட்டுமே மறவாமல் சொல்லும். பதற்றத்தில் விற்றுவிடாமல் வாடிக்கையாளரைக் காப்பது பெரும்பாலும் அந்தப் பழைய தாள்தான்.

நான்காவது, நாட்காட்டி. ஏப்ரலில் வட்டிக்கு வரிப் பிடித்தம் வேண்டாம் என்னும் உறுதிமொழிப் படிவம், ஜூலையில் வருமான வரிக் கணக்கு, நவம்பரில் ஓய்வூதியர் உயிர்வாழ் சான்று, 80 வயதைக் கடந்தோர்க்கு அக்டோபர் முதலே அதற்கான வாய்ப்பு, மார்ச்சுக்குள் வரிச் சேமிப்பு என ஆண்டின் பணிகள் முன்கூட்டியே தெரிந்தவை. ஒழுங்கான அலுவலகம் இவற்றுக்கான நினைவூட்டலை அனைவருக்கும் ஒரே முறையில், உரிய காலத்தில் அனுப்பிவிடும். அவ்வாறு மிச்சமாகும் நேரம் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பதற்குப் பயன்படுகிறது. செயல்திறன் என்பது விரைந்து பேசி அனுப்பிவிடுவதன்று. திரும்பத் திரும்ப வரும் வேலைகளை முறைப்படுத்தி, மனிதருக்குரிய நேரத்தை மனிதருக்கே தருவது.

ஐந்தாவது, எண்ணிக்கை. ஆண்டுக்கு ஏறக்குறைய 240 வேலை நாட்கள். ஒரு குடும்பத்தின் ஆய்வு, சந்திப்பு, பதிவு, தொடர்பணி ஆகியவற்றிற்குச் சராசரியாக இரண்டு நாட்கள் எனக் கொண்டால், தனியொருவர் 120 குடும்பங்களுக்கு மேல் கவனிப்பது கடினம். இது நாம் போட்ட தோராயக் கணக்கு. விதிகளும் எண்ணிக்கையைக் கருத்திற் கொள்கின்றன. வாடிக்கையாளர் எண்ணிக்கை உயர உயர ஆலோசகர் வைக்க வேண்டிய வைப்புத் தொகையும் உயர்கிறது. 300 வாடிக்கையாளரைக் கடந்த தனிநபர் ஆலோசகர் நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். “தாங்கள் எத்தனை குடும்பங்களைக் கவனிக்கிறீர்கள்? ஆண்டில் எத்தனை முறை சந்திப்போம்?” என்னும் இரு வினாக்களே ஓர் அலுவலகத்தின் நிலையைக் காட்டிவிடும்.

தில்லிக் குடும்பம் ஒன்று

இவ்வொழுங்கு நடைமுறையில் எவ்வாறு பயன்படும் என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். மயூர் விஹாரில் வசிக்கும் மத்திய அரசு அலுவலர் ஓய்வு பெறுகிறார். கையில் வரும் தொகை 60 லட்சம் ரூபாய். மகள் பெங்களூரில், மகன் வெளிநாட்டில். கும்பகோணத்தருகே பூர்வீக வீட்டில் பங்கு. பணிமாறுதல் ஆன ஊர்களிலெல்லாம் ஒரு வங்கிக் கணக்கோ அஞ்சலகச் சேமிப்போ தொடங்கி, பழைய முகவரியுடன் அப்படியே விட்டிருக்கிறார்.

ஒழுங்கான ஆலோசகர் முதலில் கேட்பது முதலீட்டைப் பற்றியன்று. “தங்களுக்குப் பின் தங்கள் மனைவியாரின் வருவாய் என்ன?” என்றே தொடங்குவார். பழைய ஓய்வூதிய முறையில் ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 50 விழுக்காடு. குடும்ப ஓய்வூதியம் குறிப்பிட்ட காலத்திற்குப் பின் 30 விழுக்காடாகக் குறையும். இந்தக் குறைவை ஈடுசெய்வதே திட்டத்தின் முதற்கடமை. அடுத்து, கம்யூட்டேஷன் தேவையா என்பதைக் கணக்கிடுவார். ஒப்படைத்த பகுதி 15 ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் கிடைக்கும். ஆயினும் குடும்ப ஓய்வூதியம் அதனால் குறைவதில்லை.

பின்னர் மருத்துவம். மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் பத்தாண்டுச் சந்தாவை ஒருசேரச் செலுத்தி வாழ்நாள் அட்டை பெறலாம். ஆனால் தில்லியை விட்டுச் சொந்த ஊருக்கே குடிபெயர்வதாயின், அருகில் அத்திட்டத்தின் நலவாழ்வு மையம் உண்டா? இல்லையெனில் தனியே மருத்துவக் காப்பீடு வேண்டுமா? எந்த ஊரில் வாழப்போகிறோம் என்பது தெரியாமல் இதற்கு விடை காண இயலாது.

இவற்றுக்குப் பின்னரே முதலீடு. ஓராண்டுச் செலவுக்குரிய பணம் எளிதில் எடுக்கத்தக்க வைப்பில் இருக்கும். அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை ஐந்தாண்டுக்கு முதலிட்டுக் காலாண்டுதோறும் வட்டி பெறலாம். வங்கி வைப்பில், ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் முதலும் சேர்த்து 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. பத்தாண்டுக்குத் தேவைப்படாத பகுதியை மட்டுமே சந்தை சார்ந்த திட்டங்களில் இடலாம். மேற்சொன்ன 5 லட்ச ரூபாய் ஆண்டுப் பிரீமியப் பாலிசிக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேவைகளை வரிசைப்படுத்தி எழுதியவுடனேயே பொருந்தாதது தானே விலகிவிடுகிறது.

இறுதியில் சிதறிய கணக்குகள். பழைய கணக்குகளை ஒன்றாக்குதல், முகவரி மாற்றம், நியமனதாரர் பதிவு ஆகியவை சிறு வேலைகளாகத் தோன்றும். ஆனால் பத்தாண்டு இயங்காத வங்கிக் கணக்கின் தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குச் சென்றுவிடும். அதைத் தேட ரிசர்வ் வங்கி 2023இல் ‘உத்கம்’ இணையதளத்தைத் தொடங்கியது. தொகை அங்கே சென்றாலும் உரிமை போகாது, விண்ணப்பித்துப் பெறலாம். 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை நியமனதாரராக்கலாம். இவ்வேலைகளில் ஆலோசகருக்குத் தரகு எதுவும் இல்லை. ஆகவே இவற்றை அவர் பொறுப்புடன் செய்கிறாரா என்பதும் ஒரு நல்ல சோதனை.

வாடிக்கையாளரின் பங்கு

ஆலோசகரின் ஒழுங்கு வாடிக்கையாளரின் ஒழுங்கையும் சார்ந்தது. முதல் சந்திப்புக்குச் செல்லும்போது கணக்குகள், பாலிசிகள், கடன்கள், சொத்துகள் ஆகியவற்றின் பட்டியலை ஒரே தாளில் எழுதிச் செல்வது நலம். வாழ்க்கைத் துணையும் உடன் இருத்தல் வேண்டும். கணவர் மட்டுமே அறிந்த முதலீடு, அவருக்குப் பின் குடும்பத்துக்கு எட்டாமற் போகக்கூடும்.

ஆலோசகரின் செபி பதிவு எண்ணைக் கேட்டு, செபியின் இணையதளத்திலுள்ள பட்டியலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பங்குக் குறிப்புகள் தருவோர் பலர் இப்பட்டியலில் இடம்பெறாதவர்கள். உறுதியான இலாபம் என்று எவர் வாக்களித்தாலும் அங்கிருந்து எழுந்துவிடுவதே நன்று. பதிவுபெற்ற ஆலோசகர் அவ்வாறு வாக்களிக்க விதி இடம் தருவதில்லை. முதலீட்டுத் தொகை திட்டத்தின் பெயருக்கே செல்ல வேண்டும். ஆலோசகரின் சொந்தக் கணக்குக்குச் செல்லக் கூடாது. பொது அதிகாரப் பத்திரம், கடவுச்சொல், ஓ.டி.பி. ஆகியவற்றை அவரிடம் தரலாகாது.

குறை நேர்ந்தால் முதலில் ஆலோசகருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தீராவிடில் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்தில் முறையிடலாம். இணையவழிச் சமரசத் தீர்வு முறையும் உண்டு. காப்பீட்டுப் பாலிசி தவறாக விற்கப்பட்டதாகத் தோன்றினால், அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பித் தந்துவிடலாம். எனவே பாலிசி வந்த அன்றே, எத்தனை ஆண்டுகள் பிரீமியம் கட்ட வேண்டும் என்னும் வரியைப் படித்துவிட வேண்டும்.

ஓய்வுத் தொகை வந்தவுடன் முடிவெடுத்தே ஆக வேண்டும் என்னும் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஓய்வு பெற்றவர்க்கு 60 வயதுக்கு முன்னரும் இடம் தரும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும், ஓய்வுப் பயன் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாத அவகாசம் உண்டு. அதுவரை பணம் சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ இருக்கட்டும். அந்த மூன்று மாதங்களில் இரண்டு மூன்று ஆலோசகர்களைச் சந்தித்து, அவர்கள் தரும் ஒப்பந்த நகல்களை வீட்டில் அமர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால், யாரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்பது தெளிவாகிவிடும்.